ரம்புட்டான் கடையின் டின்

தென்காசியில் எங்கள் ராக் இசைக்குழுவுக்கு இது முதல் நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் யாரோ ஒரு தட்டில் ரம்புட்டான் பழம் வைத்திருந்தார்கள். ஒன்றை உரித்ததும் பக்கத்திலிருக்கும் குற்றாலத்துச் சாரலோடு எங்கள் பழக்கடை வந்து நின்றது.

அருவிக்குப் போகிற வழியில் இருந்தது கடை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளி விட்டு வந்ததும் காலி எண்ணெய் டின்னைத் தட்டிக் குரங்கு விரட்டுவது என் வேலை. தாறுமாறாகத் தட்டினால்தான் குரங்கு மிரளும். எனக்கோ கை தானாகத் தாளத்தில் போய் விழும். அந்தத் தாளத்துக்குப் பழகிப்போன குரங்குகள் சாவகாசமாக இறங்கி வந்து பழத்தைக் கொத்தோடு தூக்கிப் போயின.

"ஏட்டி, கொரங்க வெரட்டச் சொன்னா கச்சேரியா நடத்துத? குடு டின்ன. நாளையிலேருந்து கடைக்கு வரவேண்டாம்" என்று அப்பா பிடுங்கினார். தட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"அதப் புடுங்காதீய. கொரங்க நான் பாத்துக்கிடுதேன். அவ தட்டட்டும்" என்று அம்மா குடையை எடுத்துக்கொண்டாள்.

"ஆத்தாளுக்கும் மகளுக்கும் கிறுக்கு" என்று அப்பா டின்னைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு சீசன்தோறும் அவள் மரங்களைப் பார்த்தபடி குடையோடு நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் தட்டினேன். நான் டிரம்ஸ் வாங்கி ஊர் ஊராக வாசிக்கப் போனபோதும், கடையை விட்டு அவளால் வர முடியவில்லை.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். திரையை விலக்கினேன். முதல் வரிசையில் மடியில் குடையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வாசித்து அவள் கேட்டிருக்கிறாள்; பார்த்ததில்லை.