முப்பத்து நான்காம் பாகம்

சுராபாயாவில் எங்கள் சந்தின் முனையில் கஸ்மினி வாழைப்பழமும் சோயாவில் செய்த டெம்பேயும் பொரித்து விற்றாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. வாங்க வருகிறவரையே நாலு திட்டு திட்டித்தான் பொட்டலம் கட்டுவாள். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த இடம் ஒன்றே ஒன்று. அது பாக் வீர்யோ வீட்டு முன்னறை.

பாக் என்றால் ஐயா என்று அர்த்தம். வீர்யோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் மூன்று அலமாரிகளை நிறுத்திப் புத்தகங்களை வாடகைக்கு விட்டார். எல்லாம் வாள்சண்டைத் தொடர்கதைகள். கையகலப் புத்தகங்கள், ஒரு கதைக்கு முப்பது பாகம், நாற்பது பாகம். சோலோ நகரத்து அச்சகத்திலிருந்து பார்சலில் வரும். மதியம் அடுப்பை அணைத்ததும் கஸ்மினி அங்கே போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். மாமியாரின் முனகலும் ஆறு பேரின் அழுக்குத் துணியும் ஒரு மணி நேரம் அவளை அண்டாது. "எனக்குன்னு இந்த உலகத்துல கிடைச்ச ஒரே நல்ல இடம் அது" என்று இன்றைக்கும் சொல்வாள். அடுத்த மூச்சிலேயே அங்கே வந்துபோன அத்தனை பேரையும் சந்தி சிரிக்கத் திட்டுவாள்.

திட்டு முதலில் போவது ஹர்யாத்திக்குத்தான். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் கிழவர்கள்கூட அவளை இபு, அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். புதுப் பாகம் வந்தால் வரிசையில் யார் நின்றாலும் முதலில் அவள் கைக்குத்தான் போகும்.

"டீச்சரம்மா கை சுத்தமான கை" என்பார் பாக் வீர்யோ.

"கஸ்மினி படிச்ச புத்தகத்தை நான் தொட்டதும் எனக்குப் பசிக்குது பாக். பக்கத்துக்குப் பக்கம் பொரிச்ச வாசனை" என்று பெஞ்சு நிறையப் பேர் இருக்கும்போது ஒருநாள் சொன்னாள் ஹர்யாத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கஸ்மினி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

அந்த வருஷம் சந்தே ஒரு கதையில் விழுந்து கிடந்தது. அப்பாவைக் கொன்றவனைத் தேடி மலை மலையாய் அலையும் ஒரு வாள்காரப் பெண்ணின் கதை. மொத்தம் முப்பத்து நாலு பாகம். முப்பத்து மூன்றாவது பாகம் வந்தபோது ஹர்யாத்தி நோன்புப் பெருநாளுக்குச் சொந்த ஊர் போயிருந்தாள். முதன்முதலாகப் புதுப் புத்தகம், காகித மணம் போகாமல், கஸ்மினியின் கைக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில்தான் விஷயம் உடைந்தது. அவளைத் தூக்கி வளர்த்து வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கிழவர்தான் கொலைகாரர். அவர் கழுத்தில் அவள் கத்தியை வைக்கிறாள், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பாகம் முடிந்தது.

திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கஸ்மினி ஒரு பென்சிலை எடுத்தாள். முதல் பக்கத்தில் பெரிசாக எழுதினாள்: "கொன்னது வளர்த்த கிழவன்தான். சுத்தமான கையால மிச்சத்தைப் படிச்சுக்கோ."

எழுதியதோடு விட்டிருந்தால் யார் செய்தது என்று யாராலும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் எங்கள் சந்தில் புத்தகம் எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. அட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், படித்த பாகத்தையே மறுபடி எடுத்து ஏமாறாமலிருக்க இருபதாம் பக்கத்து ஓரத்தில் அவரவர் குறியைப் போட்டுவைப்போம். ரிக்‌ஷா ஓட்டும் ரோகிம் அண்ணனுக்கு, எங்கள் பேச்சில் சாக் ரோகிமுக்கு, ஒரு சக்கரம், கஸ்மினிக்கு மூன்று புள்ளி. பென்சில் கையில் இருந்த வேகத்தில், பழக்க தோஷம், இருபதாம் பக்கத்தைப் புரட்டி அவள் மூன்று புள்ளியை வைத்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொடவில்லை. அதில் இருந்தது அந்த ஒரு குறிதான்.

ஊரிலிருந்து திரும்பிய ஹர்யாத்தி அந்த இரண்டு பக்கத்தையும் அறை நடுவில் தூக்கிக் காட்டினாள். பாக் வீர்யோவின் முகம் சிவந்துவிட்டது.

"இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றார். "முப்பத்தி நாலுல என்ன இருக்குன்னு எவனாவது இவகிட்ட வாயைத் திறந்தா, அவனுக்கும் இங்க புத்தகம் கிடையாது. எல்லாருக்கும்தான் சொல்றேன்."

கொஞ்ச நாளில் ஹர்யாத்தி கஸ்மினியின் கடை முன்னால் வந்து நின்றாள். "முப்பத்தி நாலு முடிச்சுட்டேன். அழுகையை அடக்க முடியல" என்று, கஸ்மினியைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அன்றிலிருந்து தொடங்கியது வேதனை. சந்தில் தண்ணீர் பிடிக்கிறவள், முடி வெட்டுகிறவன், பள்ளிவாசல் கூட்டுகிறவன் எல்லோரும் முடிவு தெரிந்தவர்களாகத் திரிந்தார்கள். கஸ்மினி மட்டும் வெளியே நின்றாள்.

சாக் ரோகிமைப் பிடித்துப் பதினோரு வாழைப்பழம் பொரித்துச் சும்மா கொடுத்தாள். அவன் அத்தனையும் தின்று முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு சாக். வெட்டினாளா, விட்டாளா?"

"அந்த இடம் இருக்கே" என்று ரோகிம் கண்ணை மூடினான். "ஐயோ, சொல்லக்கூடாது. தண்ணி இருக்கா?"

சட்டிக்கரண்டியோடு அவனை ரயில் பாதை வரை துரத்தினாள். அவள் புருஷன் பார்ஜிமானும் அங்கே புத்தகம் எடுப்பவன். "எனக்குத் தெரியாதுடி" என்று அவன் கெஞ்சியதை அவள் நம்பவில்லை. ஒரு வருஷம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நெஞ்சுவலியில் படுத்த கடைசி வாரத்திலும் கேட்டாள். அப்போதும் அவன் அதையேதான் சொன்னான். "சாகும்போதும் பொய்யா" என்றாள் அவனிடம்.

வருஷங்கள் போயின. எல்லோர் வீட்டிலும் தொலைக்காட்சி வந்தது, அலமாரிகள் தூசி பிடித்தன. பாக் வீர்யோவும் போய்ச் சேர்ந்தார். சென்ற ஆண்டு அவர் மகள் ரெத்னோ வீட்டைக் காலி செய்ய வந்தபோது, எழுபது வயதுக் கஸ்மினி நாற்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசப்படி ஏறினாள்.

"உங்கப்பா போயிட்டாரு, அவர் போட்ட தடையும் போச்சு. முப்பத்தி நாலை எடு."

ரெத்னோ விழித்தாள். "அது வரவே இல்லையே இபு. சோலோவுல அச்சகத்தை மூடிட்டாங்க. அப்பா எத்தனையோ கடுதாசி போட்டுப் பார்த்தாரு."

"ஊரே படிச்சுது. என்கிட்ட கதை விடாதே."

"யாரும் படிக்கல." ரெத்னோ தலையைக் குனிந்துகொண்டாள். "ஹர்யாத்தி இபுதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாங்க. நமக்குக் கிடைக்காட்டி பரவாயில்ல, நமக்குக் கிடைக்கலைன்னு அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு. அப்பாவும் சிரிச்சுக்கிட்டே சரின்னாரு."

கஸ்மினி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளிடம் உண்மை பேசிய ஒரே ஆளை அவள் பொய்யன் என்று சொல்லிப் புதைத்திருக்கிறாள். அதைவிடக் கேவலமாக இன்னொரு துக்கமும் வந்தது. கிழவரை அந்தப் பெண் என்ன செய்தாள் என்று இனி யாரைக் கேட்பது?

அன்று சாயங்காலமே ஹர்யாத்தி வீட்டுக்குப் போனாள். ஹர்யாத்தி வாசலில் பிரம்பு நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இபு, முப்பத்தி நாலு கிடைச்சுடுச்சு" என்றாள் கஸ்மினி.

விசிறி நின்றது. "எங்க?"

"பழைய புத்தகக் கடையில. ஒரே மூச்சுல படிச்சேன். அழுகை வந்துச்சுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அந்த இடத்துல எனக்கும் தாங்கல."

"எந்த இடத்துல?"

"உங்களுக்குத் தெரியாததா? முதல்ல படிச்சது நீங்கதானே."

ஹர்யாத்தி உதட்டை நனைத்துக்கொண்டாள். "வயசாச்சு, எல்லாம் மறந்துபோச்சு. கடைசியில வெட்டினாளா?"

"அதைப் போய் யாராவது மறப்பாங்களா இபு" என்று சொல்லிவிட்டு நடந்தாள் கஸ்மினி.

"கஸ்மினி, நில்லு." நாற்காலியைப் பிடித்து எழுந்து ஹர்யாத்தி தெருவுக்கே வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. "நான் படிக்கல. சத்தியமா படிக்கல. இங்க யாருமே படிக்கல. இத்தனை வருஷமா எனக்கும் அதே நினைப்புத்தான். உன் காலைப் பிடிச்சுக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

கஸ்மினி திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.