சுருட்டை முடியும் காலை ஜீப்பும்

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் சுருட்டை முடி. அம்மாவுக்கு நீளமான, மெல்லிய, நேரான முடி. அப்பாவுக்குச் சுருட்டைதான் என்று நினைக்கிறேன். ஆனால் வளர்வதற்குள் ஒட்ட வெட்டிவிடுவார் என்பதால் யாரும் கவனித்ததில்லை. சின்ன வயதில் எனக்கு அலையலையாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிறபோது, எந்த மாதம் என்று சொல்லத் தெரியாமல், அது இறுகிச் சுருண்டுகொண்டது. வாரினால் உப்பியது. வாராவிட்டால் சிக்கியது.

அம்மா மலைக்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். விடியும்போதே போடியின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு மலைக்கு ஏறி அந்தப் பக்கம் கேரளத் தோட்டங்களில் இறக்கிவிடும். ஜீப்பு வருவதற்குள் அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்து, மூன்று பேருக்கும் டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கடைசியாக என் தலைக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும் என்பது விதி. என் முடியில் அந்த இரண்டு சடைகளை வரவழைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும்.

உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெயை ஊற்றித் தேய்ப்பாள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பு. சீப்பு பாதியில் நின்றுவிடும், என் தலை பின்னால் போகும்.

"ஆட்டாத. ஜீப்பு வந்துரும்."

"வலிக்குதும்மா."

"வலிக்கத்தான் செய்யும். முடியா இது, வேலிக்காடு மாதிரி."

சிக்கு இல்லாத இடத்துக்கு வந்துவிட்டால் பேச ஆரம்பிப்பாள். தோட்டத்தில் நேற்று மழை விடவே இல்லை, ஏலச்செடித் தூருக்கடியில் உட்கார்ந்து காய் எடுக்கும்போது அட்டை காலில் ஏறியது தெரியவில்லை, கூட வேலை பார்க்கிற மலையாளத்துச் சேச்சியின் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, தேவாரத்துப் பக்கம் யாரோ ஒருவருடைய தென்னையை யானை சாய்த்துவிட்டது. இப்படி ஏதாவது. நான் பாதித் தூக்கத்தில் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். அவள் சொன்னதில் பாதி காதில் விழுந்திருக்கும், பாதி விழுந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்த புதிதில் ஒருநாள், முந்தின ராத்திரி ஈரத்தலையோடு தூங்கிவிட்டேன். காலையில் பிடரிக்கு மேல் ஒரு சிக்கு, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு கிடந்தது. அம்மா எண்ணெய் விட்டுப் பார்த்தாள். சீப்பின் பல் ஒடிந்தது. விரலால் பிய்த்துப் பார்த்தாள். வெளியே ஜீப்பு ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அம்மா எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து அந்தச் சிக்கை அப்படியே வெட்டி எடுத்துவிட்டாள். அது என்னவென்று எனக்குப் புரிவதற்குள் சீப்பை என் கையில் திணித்தாள்.

"இனிமே நீயே பாத்துக்க ஆத்தா. என்னால முடியல."

அவள் குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. பூட்ஸையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்கு வெட்டுப்பட்ட முடி எந்தச் சடைக்குள்ளும் அடங்காமல் பிடரியில் குச்சி குச்சியாக நின்றது. பின் பெஞ்சுக்காரிகள் பீரியடு முழுக்க அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். விளையாட்டு டீச்சர் என்னை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு, "எண்ணெய் வச்சுப் படிய வாரிட்டு வரத் தெரியாதா?" என்று கேட்டார். படிய என்ற சொல்லை அந்த வருடம் நான் கேட்டது போல வேறு எந்தச் சொல்லையும் கேட்டதில்லை.

சாயங்காலம் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சுருட்டை முடிக்கு என்ன செய்வது என்று தேடினால், உலகத்தில் எத்தனையோ பெண்கள் அதற்கு மட்டும் வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் நான் கேள்விப்படாத ஒரு பாட்டில். பெயரை எழுதிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கேட்டேன். கடைக்காரர், "அதெல்லாம் இங்க வராதும்மா. மதுரைக்குத்தான் போகணும்," என்றார். மதுரைக்குப் போக வழியில்லாததால் வீட்டில் இருப்பதைக் கொண்டு ஆரம்பித்தேன்.

முதலில் வெந்தயம். ஊற வைத்து அரைத்துத் தேய்த்தேன். எவ்வளவு அலசியும் முழுக்கப் போகவில்லை. மறுநாள் கணக்கு பீரியடில் காய்ந்த துணுக்குகள் நோட்டின் மேல் உதிர்ந்தன. பக்கத்தில் இருந்த தோழி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தாள். "உன் தலையில தோசை சுட்டாங்களாடி?" என்று கேட்டாள். அவள் சிரிக்காமல் கேட்டாள் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து சாதம் வடித்த கஞ்சி. அது முடியை விறைக்க வைத்தது. பிறகு நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை வாங்கி வந்து கொதிக்க வைத்தேன். கோழை மாதிரி வழவழவென்று வந்தது. அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஆற வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த அப்பா அதில் உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டார்.

"என்ன கஞ்சி இது? ருசியே இல்ல."

"அது தலைக்குப்பா."

கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை.

மறுபடியும் காய்ச்சினேன். தண்ணீரிலும் விஷயம் இருக்கிறது என்று அதற்குள் தெரிந்திருந்தது. போர்வெல் உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி நார் போல ஆகிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் விடுகிற நாளில் ஒரு வாளி பிடித்து எனக்கென்று மூடி வைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீரில் தலையை அலசி, ஒரு சாஷே கண்டிஷனரைப் போட்டு, ஈரம் சொட்டச் சொட்ட நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்தேன். சீப்பை ஒடித்த அதே முடி, நனைந்திருக்கும்போது விரலுக்கு வழிவிட்டது. ஆளி விதைக் கூழைத் தடவி, கசக்கிவிட்டு, மாடியில் காற்றாட நின்றேன். காய்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்தபோது வேறு ஒருத்தி நின்றாள். நெற்றியிலிருந்து தோள்வரை ஒவ்வொரு கற்றையும் தனித்தனியாகச் சுருண்டு தொங்கியது. இத்தனை நாள் புதர் புதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. நான் வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றேன். கொஞ்சம் அழுகை வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அப்படியே போக முடியாது. முந்தின சாயங்காலமே ஈரமாக இருக்கும்போது சடை பின்னிக்கொள்ளப் பழகினேன். காலையில் முன்முடியை மட்டும் தண்ணீர் தொட்டுச் சரிசெய்தால் போதும். விளையாட்டு டீச்சர் ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்க," என்றார். எண்ணெய் வைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. என் காலைகள் நிம்மதியாக இருந்தன. அம்மா சமைத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அவள் குளிரோடும் ஈரத்துணியோடும் வந்து, குளித்து, சோறு வைத்து, டிவி ஓடும்போதே தூங்கிவிடுவாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய சமயம். கடையில் பால் வாங்கப் போனபோது, அம்மாவோடு அதே ஜீப்பில் போகிற அக்கா ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

"அம்மாவுக்குக் கை தேவலையா ஆத்தா?"

"எந்தக் கைக்கா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிவுல வழுக்கி விழுந்தாள்ல. தோள்பட்டை இறங்கிப்போச்சோன்னு பயந்துட்டோம். போன வாரம். உனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன். ஒற்றைக் கையால் கொண்டையைச் சுருட்டிக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. ஒரு வாரமாக அப்படித்தான் போட்டிருக்கிறாள். நானும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"ஏம்மா சொல்லல?"

"எப்பச் சொல்ல? நீ படிக்கிற. நான் வந்தா தூங்கிர்றேன்." கிளிப்பை அழுத்திவிட்டுக்கொண்டே, "சொல்லக் கூடாதுன்னெல்லாம் இல்ல ஆத்தா," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. மறைக்கவில்லை. சொல்வதற்கென்று ஒரு நேரம் எங்களுக்கு இருந்தது. சீப்பு என் கைக்கு வந்தபோது அந்த நேரமும் போய்விட்டது. அம்மா, முகத்தைப் பார்த்து எதையும் சொல்கிறவள் இல்லை. என் பின்னந்தலையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"உக்காரு. நான் வாரிவிடுறேன்," என்றேன்.

"சோலி கெடக்கு."

"கெடக்கட்டும்."

அவள் தரையில் உட்கார, நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். அம்மாவின் முடியை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. உச்சியில் நரை இறங்கியிருந்தது. காது ஓரத்தில் ஒரு காய்ந்த இலைத்துணுக்கு. சீப்பு எங்கேயும் நிற்காமல் ஓடியது. என் கைக்கு அது பழக்கமில்லை, இரண்டு தடவை சீப்பு நழுவி விழுந்தது. பிறகு அம்மா, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி, விழுந்த கதையைச் சொன்னாள். மழை பெய்து மண் இளகிக் கிடந்தது, மூட்டையோடு இறங்கினாள், கால் வழுக்கியது, ஒரு ஏலத்தூரைப் பிடித்துத்தான் நின்றாள். சேச்சி தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். "அவதான் அன்னைக்கு என் காயவும் சேத்து எடுத்தா," என்றாள்.

மறுநாள் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைப் பிடிப்புதான் என்றார்கள். கை சரியாகும்வரை நான்தான் அம்மாவுக்குத் தலை வாரினேன். அதற்காக விடியுமுன் எழுந்தேன். தேர்வுக் காலத்தில் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

கை தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தலை அலசிவிட்டு வந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"தலையக் கொண்டா இங்க. நீ எப்படித்தான் பிரிக்கிறன்னு பாக்குறேன்."

"சீப்பு வேண்டாம்மா. விரலால. நுனியிலருந்து."

"மேல இருந்து வந்தா என்ன?"

"சிக்கு கீழ போய் முடிச்சாயிரும்."

ஏலக்காய்க் கறை ஏறிய விரல்கள். நகம் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். அவசரத்தில் இழுத்தே பழகிய கை என்பதால் முதலில் வலித்தது. பிறகு பழகிக்கொண்டாள். காய் எடுக்கிறபோது சரத்தில் முற்றினதை மட்டும் பார்த்துப் பறிக்கிற பொறுமை அந்த விரல்களில் இருந்திருக்க வேண்டும். "இதுக்குள்ள இவ்வளவு முடி இருக்கா," என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி ஆகிவிட்டன. அவள் பேசுவாள். இப்போது நானும் பேசினேன். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் எனக்கும் இருந்தது.

இப்போது நான் வெளியூரில், காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறேன். போனில் அம்மா பேசுவது எப்போதும்போலச் சுருக்கம்தான். சாப்பிட்டியா, மழை இருக்கா, வெரசா படு. நானும் அதே அளவுக்குத்தான் பதில் சொல்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போனால் முதல் நாளே தலை அலசிவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

போன லீவில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. மலைக்குப் போறத நிப்பாட்டலாம்னு இருக்கேன்."

அவள் விரல் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்காமல் இருந்தேன்.

"அப்புறம் என்னம்மா செய்வ?"

"இங்க ஒரு கடையில ஏலக்கா தரம் பிரிக்க ஆள் வேணுங்கிறாங்க. உக்காந்தே செய்யலாம். கேட்டு வச்சிருக்கேன்." அடுத்த கற்றையை எடுத்தபடி, "அப்பாகிட்ட இன்னும் சொல்லல," என்றாள்.