சாரம் இல்லாத மூன்று வாரம்

கருங்கலுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம் அது. நாடு சுதந்திரமடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அன்றைக்கு எங்கள் பகுதிக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். பிள்ளைகள் தமிழில்தான் படித்தார்கள். ஆனால் மேலிடத்திலிருந்து வரும் காகிதமெல்லாம் மலையாளத்தில் வரும். நாங்கள் அனுப்பும் பதில் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ போகவேண்டும். நான் திருவனந்தபுரத்தில் டிரெயினிங் முடித்தவள் என்பதால் அந்தக் காகிதங்களெல்லாம் என் மேஜைக்கே வந்து சேர்ந்தன. எனக்கு அதில் பெருமை. கொஞ்சம் பெருமை என்று சொன்னால் பொய்.

எங்கள் ஹெட்மாஸ்டர் ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூன்று தடவை உதறுவார். பேனாவில் மை இருக்கும், அவருக்குத்தான் மனசு வராது.

அதுவரை ஓலைக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கு அந்த வருஷம் இரண்டு அறைக் கட்டடம் ஒன்று அனுமதியானது. வேலையை எடுத்த கொத்தனார் உள்ளூர்க்காரர், ஐம்பது வயசு. எந்த மொழிக்காரன் எதிரே வந்தாலும் அவனிடம் அவன் மொழியில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். சுவர் தோள் உயரம் வரை மளமளவென்று வளர்ந்தது. அதோடு நின்றது.

காரணம் மண்டைக்காட்டுக் கொடை. மாசி மாதத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர் கொத்தனாரின் மச்சினன். கொத்தனாரிடமிருந்த கம்பு, மூங்கில், பலகை, கயிறு எல்லாம் ஒருநாள் காலையில் மாட்டுவண்டியேறி மண்டைக்காட்டுக்குப் போய்விட்டன. கம்பை நட்டு, குறுக்கே மூங்கிலைக் கட்டி, பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றால்தான் தோளுக்கு மேலே செங்கல் வைக்க முடியும். அந்த அமைப்புக்குக் கொத்துவேலைக்காரர்கள் சொல்லும் பெயர் சாரம். சாரம் இல்லாததால் மூன்று வாரம் சுவர் அப்படியே நின்றது. பிள்ளைகள் அதன்மேல் புத்தகப் பையை வைத்துவிட்டு விளையாடினார்கள்.

அதற்கு நடுவில்தான் ஓவர்சியர் வந்தார். கொல்லத்துப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சைக்கிள். தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்க முடியும். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க பக்கத்தில நில்லுங்க. அவரு கேக்கியதுக்கெல்லாம் நீங்கதான் பதில் சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். "எதுக்கு சாறே? நான் சொல்லுகேன். மலையாளம் எனக்கு மனப்பாடமாக்கும்."

ஓவர்சியர் சுவரைப் பார்த்தார். "எந்தா பணி நிர்த்தியது?" வேலையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சாரமில்ல ஏமானே."

ஓவர்சியரின் முகம் சிவந்தது. மலையாளத்தில் 'சாரமில்ல' என்றால் 'பரவாயில்லை, பெரிய காரியமில்லை' என்று அர்த்தம். குழந்தை விழுந்து எழுந்தால் தாய் சொல்லுவாள், சாரமில்ல. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவனிடம் சொல்லுவார்கள், சாரமில்ல. சர்க்கார் கட்டடத்தை ஏன் பாதியில் விட்டாய் என்று கேட்ட அதிகாரியிடம் ஒரு கொத்தனார் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"சாரமில்லென்னோ! இது சர்க்கார் கெட்டிடமாணு!"

"அதேதான் ஏமானே. சத்தியமாட்டு சாரமில்ல. பத்து நாளாட்டு சாரமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது, பேசியிருக்க வேண்டும். அதற்குள் ஓவர்சியருக்கு ஏதோ தோன்றிவிட்டது. அவர் குளச்சல் கடைத்தெருவில் லுங்கி வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது. அங்கே கடைக்காரர்கள் லுங்கியைச் சாரம் என்றுதான் சொல்லுவார்கள், எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவர் கொத்தனாரை மேலும் கீழும் பார்த்தார். கொத்தனார் கட்டம் போட்ட பச்சைச் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார்.

"சாரமில்லெங்கில் பின்னெ ஆ உடுத்திரிக்குந்நது எந்தா?" பிறகு இடுப்பில் கட்டியிருப்பது என்ன என்று கேட்கிறார்.

கொத்தனார் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். கொட்டகையின் அரைச்சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த என் வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வேறொரு ஞாபகமும் வந்தது. போன பரீட்சையில் 'பாடலின் சாரம் என்ன?' என்று நான் கேட்டதற்கு ஒரு சிறுமி 'பாடலின் சாரம் கட்டம் போட்டது' என்று எழுதியிருந்தாள். நான் சுழி போட்டேன். அவள் சாயங்காலம் வரை அழுதாள்.

இனியும் சும்மா இருக்கக்கூடாது என்று முன்னால் வந்தேன். டிரெயினிங்கில் படித்த மலையாளம் முழுவதையும் திரட்டினேன். கவிதை படித்திருக்கிறேன், இலக்கணம் படித்திருக்கிறேன், ஆனால் கொத்துவேலைச் சாரத்துக்கு மலையாளத்தில் என்ன சொல்லுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஆகவே, கொத்தனார் சொல்லும் சாரம் வேறு என்று காட்டுவதற்காக, 'ச'வை நன்றாக அழுத்தி, "ச்சாரம், ச்சாரம்" என்றேன்.

ஓவர்சியர் புருவத்தை உயர்த்தினார். அப்படி அழுத்திச் சொன்னால் மலையாளத்தில் அது சாம்பல். சுவர் கட்ட எதற்குச் சாம்பல், சுண்ணாம்பில் சாம்பலைக் கலக்கிறீர்களா என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் ஒரு கையால் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் கையிலிருந்த சாக்பீஸால் அந்தச் செங்கல் சுவரிலேயே படம் வரைந்தேன். இரண்டு கம்பு, குறுக்கே ஒரு மூங்கில், மேலே ஒரு மனிதன், அவன் கையில் ஒரு செங்கல். அந்த மனிதனுக்குக் கட்டம் போட்ட சாரமும் வரைந்தேன், குறும்புக்காக. ஓவர்சியர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

"காரணத்தை இங்கிலீஷில் ஒரு வரி எழுதி ஆபீஸுக்கு அனுப்புங்கள், போதும்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு சைக்கிள் ஏறினார்.

ஹெட்மாஸ்டரின் அறையில் தடித்த தமிழ்–இங்கிலீஷ் அகராதி ஒன்று இருந்தது. சாரம் என்ற சொல்லைத் தேடினேன். சாறு, சத்து, உட்கருத்து, மரத்தின் வைரம் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இருந்தது ஸ்காஃபோல்டு. நான் கேள்விப்படாத சொல். நல்ல கம்பீரமான சொல்லாக இருந்தது. 'எங்கள் பள்ளியில் ஸ்காஃபோல்டு இல்லாத காரணத்தால் வேலை நின்றிருக்கிறது. சீக்கிரம் ஒன்று கிடைத்துவிடும்' என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன். ஹெட்மாஸ்டர் பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது, மலையாளத்தில். நான்தான் வாசித்துச் சொன்னேன். பாதி வாசிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"தங்கள் பள்ளியில் தூக்குமரம் இல்லாத காரணத்தால் வேலை நின்றிருப்பதாகவும், சீக்கிரம் ஒன்று கிடைத்துவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பப் பள்ளிக்குத் தூக்குமரம் எதற்கு, அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்பதை ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து விளக்கவும்."

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தூக்குமரமா? நான் முப்பது வருஷமாட்டு ஒரு பிள்ளையைப் பிரம்பால அடிச்சது கிடையாது, டீச்சர்."

அலமாரியில் இருந்த இங்கிலீஷ் அகராதியை எடுத்துத் திருப்பினேன். ஸ்காஃபோல்டு என்ற சொல்லுக்கு அங்கே முதல் அர்த்தம், குற்றவாளிகளைத் தூக்கிலிடும் மேடை. கட்டடச் சாரம் அதற்குக் கீழே இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓவர்சியர் முன்னால் கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தவள் நான். அவருடைய தப்பு சுவரோடு நின்றது. என்னுடையது முத்திரை குத்தித் தபாலில் போயிருக்கிறது. அன்று வகுப்பில் நான் ஒரு பிள்ளையையும் திருத்தவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டவளுக்கும் சரி என்றே போட்டேன்.

மறுநாள் நானும் ஹெட்மாஸ்டரும் பஸ்ஸுக்குப் போனோம். அங்கே கொத்தனார் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். தோளில் ஒரு நீளக் கம்பு, கையில் ஒரு சுருள் கயிறு.

"இது எதுக்கு வே?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"சாட்சிக்காக்கும் சாறே. கொடை முடிஞ்சு கம்பெல்லாம் நேத்து வந்தாச்சு. கண்ணால கண்டா அவங்களுக்கு மனசிலாவும்லா?"

கண்டக்டர் கம்பைப் பஸ்ஸின் கூரைமேல் கட்டச் சொன்னார். கயிற்றைக் கொத்தனார் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார வந்த ஒரு பெரியவர் கயிற்றைப் பார்த்தார், கொத்தனார் முகத்தைப் பார்த்தார், பிறகு பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஆபீஸில் அந்தக் கடிதத்தை எழுதிய கிளார்க் ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு மலையாளி. தமிழ் ஓரளவு வரும். தூக்குமரம் விஷயமாக வந்திருக்கிறோம் என்று ஹெட்மாஸ்டர் மெல்லிய குரலில் சொன்னார். அதே நேரத்தில் வாசலில் கம்பும் கயிறுமாகக் கொத்தனார் வந்து நின்றார். கிளார்க் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போனார்.

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு இங்கிலீஷ்–மலையாள அகராதியை எடுத்து என் முன்னால் வைத்தார். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் கை அழுக்குப் படிந்த அகராதி.

"எனக்கும் அந்தச் சொல் தெரியாது டீச்சர். இதில் பார்த்துத்தான் எழுதினேன். நீங்கள் கடைசி அர்த்தத்தை எடுத்தீர்கள், நான் முதல் அர்த்தத்தை எடுத்தேன்."

எனக்கு வழியெல்லாம் அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி, தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதியவர்கள். அவர் எங்களுக்குச் சாயா வரவழைத்தார். அந்த நேரத்தில் ஓவர்சியர் உள்ளே வந்தார். கிளார்க் சொல்லக் கேட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். நான் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆறுதலாக, "சாரமில்ல டீச்சரே, சாரமில்ல" என்றார்.

வாசலிலிருந்து கொத்தனார் கம்பை ஓங்கித் தரையில் குத்தினார். "யாரு சொன்னா? இப்ப சாரம் உண்டு ஏமானே!"

அன்று அந்த ஆபீஸில் சாயங்காலம் வரை யாரும் ஒழுங்காக வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டடம் முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மழையும் தொடங்கியது. தரைக்குப் பூசிய சிமென்ட் காய்வதற்குள் யாருடைய ஆடோ அதன்மேல் மூலைக்கு மூலை நடந்திருந்தது. திரும்பப் பூச வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் பிள்ளைகள் அந்தக் குளம்புக் குழிகளில் புளியங்கொட்டையை உருட்டி ஒரு விளையாட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியே விட்டுவிட்டோம்.

கிளார்க்குக்கும் எனக்கும் அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு இருந்தது. சந்தேகமான சொல் எது வந்தாலும் அவர் மேலே அனுப்புவதற்கு முன் காகித ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி என்னிடம் திருப்பி அனுப்புவார். நான் பதில் எழுதி அனுப்புவேன். அவர் அக்கறையாகத் தமிழ் அகராதி ஒன்றும் வாங்கிவிட்டார்.

அடுத்த வருஷக் கோடையில் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தமிழில் ஒரு மனு கொடுத்தார்கள். 'பள்ளிக்கூடத்தில் வெள்ளம் இல்லை, பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்.' எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லுவோம். மலையாளத்திலும் அதேதான். அகராதியைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவருக்குக் குழப்பமே வந்திருக்காது. மனு என்னிடம் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: 'டீச்சர், தமிழில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி ஊருக்குள் வருவதல்லவா? அது வராததற்குப் பிள்ளைகள் ஏன் கஷ்டப்படுகிறார்கள்?'

'இது குடிக்கிற வெள்ளம்' என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் கிணறு தோண்ட ஆள் வந்தது. இருபத்தெட்டு அடியில் வெள்ளம் கண்டது. நல்ல ருசி.