பல்கனியில் நின்ற மேப்பிள் கன்று

மகள் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனது கார்த்திகையில். சுவிஸின் பேர்ண் நகரத்தில் எங்கள் வீட்டுப் பல்கனியில் அவள் வளர்த்த மேப்பிள் கன்று மட்டும் நின்றது. முழங்கால் உயரம். கனடாக் கொடியில் இருக்கிற வகை இல்லை. "இது இந்த நாட்டு மரம், அப்பா. வேலிக்கரையில சின்னனா வளருறது," என்று வாங்கி வந்த அன்று சொல்லியிருந்தாள். அவள் புறப்பட்ட நாளில் நான் போட்ட சத்தத்தில், கன்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்து வந்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே பல்கனிக்குப் போவேன். தண்ணீர் ஊற்றுவேன். கன்று நின்ற சாடியை வெயில் பக்கம் நகர்த்துவேன், பிறகு காற்றுக்குப் பயந்து சுவரோரம் இழுப்பேன்.

சித்திரையில் டிராம் தரிப்பிடத்து மரங்கள் எல்லாம் துளிர்த்துவிட்டன. எங்களுடையது வெறும் குச்சி. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. மறுநாள் இன்னோர் இடத்தில் சுரண்டினேன்.

"மரத்தை உரிச்சே கொல்லப் போறியளோ?" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சாடியிலிருந்து பிடுங்கிவிட்டேன். மண் சேறாக நாறியது. வேர்நுனிகள் கறுத்திருந்தன. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மகளுக்கு போன் எடுத்தேன்.

"பனிக்காலத்தில ஏனப்பா இவ்வளவு தண்ணி ஊத்தினீங்கள்?"

"காய்ஞ்சு போகுமெண்டு பயந்தன்."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம். "அழுகினதை வெட்டிப்போட்டு, மணல் கலந்த மண்ணில வையுங்கோ. பிறகு தொடாதேங்கோ." போனை வைக்கும் முன், "நான் நல்லாத்தான் இருக்கிறன்," என்றாள்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, கறுத்த வேர்களை வெட்டத் தொடங்கினேன்.

வைகாசி நடுவில் ஒரு கிளையில் மட்டும் நகமளவு இலைகள் இரண்டு விரிந்தன. மற்றக் கிளை பட்டுப்போயிற்று. படம் எடுத்து அனுப்பினேன்.

"வடிவா இருக்கு. கோடைக்கும் இங்கதான் நிக்கிறன், அப்பா," என்று எழுதினாள்.

பதில் எழுதி அழித்தேன். திரும்ப எழுதி அழித்தேன். கடைசியில் "ஓம், பிள்ளை" என்று மட்டும் அனுப்பிவிட்டு, எங்கடினுக்குப் போகும் ரயில்களின் நேரத்தைத் தேடத் தொடங்கினேன்.