பெரட்டில் வைத்த மைக்

என் மகள் கெம்பஸில் பட்டம் முடித்து, அங்கேயே மனநல ஆலோசனைப் பிரிவில் தற்காலிக உதவியாளராக இருக்கிறாள். மனசு சரியில்லாத பிள்ளைகளோடு பேசுவதும், தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் அதைப் பற்றி எடுத்துச் சொல்வதும் அவள் வேலை. நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவள் செய்வது என்ன வேலை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் படுத்த பிறகு விளங்கியது.

அவனும் அதே கெம்பஸ்தான். திருவிழாவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தான். சோறு தட்டிலேயே காய்ந்தது. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் மெல்லியது, அழுதால் எங்களுக்குக் கேட்டிருக்கும். அவன் அழவும் இல்லை.

அவனுடைய அம்மா என் மகளிடம் வந்தாள். "யாருக்கும் தெரியாம அவன்கிட்ட ஒரு வார்த்த பேசு தாயி."

எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேச்சு வைத்து, அந்தச் சாக்கில் அவனைப் பார்ப்பது என்று முடிவானது. சாயந்தரம் கொழுந்து எடை போட்ட பிறகு ஒரு மணி நேரம் கெம்பஸ் ஆட்கள் கேட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் தரவில்லை. காலைப் பெரட்டில் பத்து நிமிஷம் போதும் என்றது.

பெரட்டு என்பது வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பிந்தி வந்தவனைத் திருப்பி அனுப்புகிற இடம். அங்கே நின்று மனசைத் திற என்றால் யார் திறப்பார்கள்?

கெம்பஸ் ஆட்களோடு ஜீப்பில் வந்த மகள் மைக்கில் நன்றாகத்தான் பேசினாள். தூக்கம் வராதவர்கள் தன்னிடம் தனியாக வரலாம் என்றாள்.

"நமக்கு மனசெல்லாம் ஏதும்மா, சம்பளச் செக்ரோல்ல பேரு இருந்தா போதும்" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் குடித்தால்தான் தூங்குவார்கள்.

அப்போது வெல்பெயார் ஐயா மைக்கை வாங்கினார். எங்கள் நலத்துக்கென்று தோட்டம் வைத்திருக்கிற ஆள். அனுமதி கேட்கும்போது அவரிடம் மட்டும் மகள் காரணத்தைச் சொல்லியிருந்தாள். அவர் பையனின் பெயரைச் சொன்னார். எந்த லயம் என்றும் சொன்னார். மூளை குழம்பிய அவனைப் பார்க்கத்தான் இவர்கள் வந்திருக்கிறார்களாம். சத்தம் லயம் வரைக்கும் போனது.

பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டு கொழுந்தெடுக்க மலையேறிப் போனாள்.

நான் ஐயாவிடம் போனேன். "ஒங்க புள்ளைக்கு இப்படி வந்தா மைக்குல சொல்லுவீங்களா?"

நல்லதுக்குத்தான் சொன்னாராம். எனக்கு அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார். இன்றுவரை அந்த ஆளுக்கு நான் வணக்கம் வைப்பதில்லை.

வீட்டுக்கு வந்தேன். பையன் கதவைத் தாழிட்டிருந்தான். கெம்பஸ் ஆட்கள் அவன் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜீப்பில் பெரகலை ரோட்டில் போய்விட்டார்களாம். மகள் மட்டும் போகவில்லை. கழுத்தில் தொங்கிய கெம்பஸ் அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, அவன் வீட்டுப் பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை, தட்டவில்லை. வெயில் ஏறியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, மைக்க கழட்டிட்டாங்களா?"

"கழட்டிட்டாங்க."

"அந்த ஐயா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

தாழ் விலகியது. அவள் நுழைகிற அளவுக்குக் கதவு திறந்தது. நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.