வியாழக்கிழமை எடுத்த படம்

கல்யாண ஆல்பங்களில் முகப்பரு அழிப்பது என் வேலை. மரக்காணத்தில் வீட்டிலிருந்தபடியே, ஸ்டூடியோக்காரர் அனுப்பும் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுக்கிறேன். என் கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். லீவு கிடைத்தால் பாலைவனத்துக்குப் போய், சின்னத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி வானத்தைப் படம் எடுப்பார். அந்தப் படங்களைத் துடைத்துத் தருவதும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை, அவர் வெள்ளி இரவு எடுத்தவை வந்திருந்தன. நமக்குப் பக்கத்து கேலக்ஸி ஒன்று. மாதக்கணக்கில் அதையே எடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது பழகிய முகம். அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தூசி என்று அழித்தேன். அடுத்த படத்திலும் இருந்தது. அதையும் அழித்தேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. கேமராவில் ஒட்டிய தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நட்சத்திரங்கள்தான் படத்துக்குப் படம் கொஞ்சம் தள்ளி விழும். இந்தப் புள்ளி நட்சத்திரங்களோடு சேர்ந்து தள்ளியிருந்தது.

அதற்கு முந்தின இரவு, வியாழக்கிழமை எடுத்த படத்தைத் திறந்தேன். அந்த இடம் காலி.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். "இன்னாங்க, அந்த கேலக்ஸில புதுசா ஒரு ஸ்டார் இருக்குது."

"விண்கல்லா இருக்கும்மா. குறுக்க போயிருக்கும்."

"ராத்திரி பூரா மத்த ஸ்டாருங்களோடவே நிக்குதுங்க. தனியா அசையவே இல்ல."

அவர் குரல் மாறியது. "அப்போ வெடிச்சிருக்குது. செத்துப்போச்சும்மா, செத்துப்போச்சு."

அடுப்படியிலிருந்து மாமியார் ஈரக்கையோடு ஓடி வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். "யாரு? யாரு மவுத்தாயிட்டாங்க?"

"ஒரு நட்சத்திரம், மாமி."

"அடிப்பாவி, உசுரே போயிடுச்சு எனக்கு" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கணவர் விஞ்ஞானிகளுக்குத் தகவல் அனுப்பியபோது, வேறு நாட்டில் யாரோ முந்திக்கொண்டு சொல்லியிருந்தார்கள். சீக்கிரமே ஒரு பெரிய தொலைநோக்கியில் அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து வகையும் சொல்லிவிட்டார்கள். ஹைட்ரஜன் தெரிகிறது, ஆகவே இரண்டாம் வகை சூப்பர்நோவா. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம், நடுப்பகுதி உள்ளுக்குள் இடிந்து விழுந்து, வெடித்துச் சிதறியிருக்கிறது. அதைத்தான் பருவைப்போல இரண்டு தடவை அழித்திருக்கிறேன்.

பிறகு ஒரு ஆராய்ச்சியாளர் மெயில் அனுப்பினார். வெள்ளிக்கிழமைப் படங்கள் பலரிடம் உண்டு, வியாழக்கிழமை எடுத்தது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எப்போது வெடித்தது என்று கணக்கிட, வெடிக்காத வானம் வேண்டுமாம். ஒன்றுமில்லாத படத்துக்கு இத்தனை கிராக்கியா என்று வியந்தபடி, நான் கைவைக்காத அசல் படங்களை அனுப்பினோம்.

பதில் வந்தது. அந்தப் படம் காலியில்லை. அன்றிரவு கடைசியாக எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில், அதே இடத்தில் மங்கலாக ஏதோ தெரிகிறது. வெடிப்பின் வெளிச்சம் அப்போதே வரத் தொடங்கியிருக்கிறது.

நானும் அடுக்கிப் பார்த்தேன். இருந்தது. ஒரு மணல் அளவு. வேலையில் இருந்த கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அந்த வெளிச்சம் வந்தப்ப நான் அங்கதாம்மா நின்னுனு இருந்தேன்" என்றார். "வண்டில சாஞ்சுனு டீ குடிச்சினு இருந்தேன்."