முன்னால் வந்தவள்

நீல மையில் ஒரு பெண்ணின் பெயர் எழுதிய சின்ன அட்டை. சுவிசேஷக் கூட்டம் முடிந்ததும் முன்னால் வருகிறவர்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து, பெயரை அட்டையில் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் ஒரு மத்தியானம், அதை நான்தான் எழுதினேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அப்போது அடிவாரத்துச் சபை ஒன்றில் நான் வாலிபர் சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி பெஞ்சு காலி. படித்த பிள்ளைகள் கட்சிக் கூட்டத்துக்கும் சினிமாவுக்கும் போனார்கள். கோயில் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். "வெளிய போவாத சபை செத்துப்போவும்பா" என்றார் எங்கள் போதகர். போனோம். பக்கத்துத் தெருவுக்கு அல்ல; அங்கே எங்கள் வண்டவாளம் தெரியும். சபை ஜீப்பில் மலைக்குப் போனோம்.

ஆர்மோனியம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்ததும் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "மூச்சு வாங்குதுங்க. பாலு குடிக்க மாட்டேங்குது" என்றாள். குழந்தையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தேன். பெயர் கேட்டேன், சொன்னாள், எழுதினேன். ஜீப் கிளம்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் அந்தப் பெயரை வாசித்தபோது சபையார் அல்லேலூயா சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். நாங்கள் இறங்கிய மறுநாளே குழந்தை போய்விட்டிருந்தது. அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னிடம் கேட்டாள்: "அன்னிக்கு ஜீப்புல எடம் இருந்துச்சிங்களா?"

போதகர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா, சாமான் இருந்துச்சு" என்றேன்.

"அதானே. இருந்தா இட்னு போயிருப்பீங்க" என்று அவளே எங்களைத் தேற்றினாள்.

அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் ஜீப் மலை ஏறியது, ஆர்மோனியமும் அட்டையும் இல்லாமல். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. "ஒருத்தர்கூட ஞானஸ்நானம் எடுக்கல, இன்னா ஊழியம் இது?" என்று சபையில் முணுமுணுத்தார்கள். போதகர் அடுத்த வியாழனும் ஜீப்பில் ஏறினார். நான் சொன்ன பொய்யைப் பற்றி மட்டும் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று நகரத்துச் சபை ஒன்றில் நான் மூப்பர். கடவுளே வேண்டாம் என்கிற காலத்தில் சபையின் ஊழியத்தை எப்படிப் புதுப்பிப்பது என்று கமிட்டி கூடுகிறது. மலையில் ஊழியம் செய்தவர் என்று என்னைப் பேசச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை ஜீப்பைப் பற்றி நன்றாகவே பேசுகிறேன். கேட்டுக் கண் கலங்குகிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம். ஆர்மோனியம் அன்று முன்சீட்டில் போதகரின் காலடியில் இருந்தது என்பதை மட்டும் இதுவரை சொன்னதில்லை. பின்சீட்டில் நான் காலை நீட்டிப் படுத்து, அடிவாரம் வரை தூங்கிக்கொண்டே வந்தேன்.